மஞ்சள் தீயும் மூன்றாம் ஓலையும்

எர்ணாவூர்,
16-1-1974

அன்புள்ள எல்சிக்கு,

வால்டர் எழுதுவது. நிச்சயத்தன்று பந்தியில், "அந்த ஷெட்டில் என்னதான் வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டாய். வாய் நிறைய பிரியாணி இருந்ததால் "சும்மா, தீ" என்று மட்டும் சொன்னேன். அதற்கு உன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு, ஒழுங்காக விளக்கிவிடுவதே நல்லது என்று தோன்றியது. கோயிலில் மூன்று ஞாயிறும், தடை உண்டா என்று கேட்கும் கல்யாண ஓலை வாசித்து முடிக்கும் வரை மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். ஆகவே ஒரே பஸ்ஸில் வந்து சேரக்கூடிய தூரத்துக்குத் தபால் தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

சூரியன் விறகாலோ கரியாலோ எரியவில்லை. அணுவோடு அணு சேர்ந்து எரிகிறது. அதேபோல் பூமியிலும் ஒரு தீயை மூட்டினால் பெட்ரோலுக்காக யார் காலிலும் விழ வேண்டாம், மின்வெட்டும் இருக்காது. மூட்டுவதற்கு உலகம் முழுக்கப் பெரிய மூளைகள் இருக்கின்றன. ஆனால் அவ்வளவு சூட்டை எந்தப் பானையில் வைப்பது? பானை உருகிவிடுமே. அந்தப் பானைக்கு மண் தேடுவதுதான் என் வேலை. வாயுவுக்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, பிளாஸ்மா என்கிற பொல்லாத தீ ஒன்றை உண்டாக்குகிறோம். அதை ஒரு வட்டக் கல்லின் மேல் அடித்து, கல் தாங்குகிறதா என்று பார்க்கிறோம். எங்கள் பம்பாய் ஆராய்ச்சிக் கூடத்தார் இங்கே வந்து ஷெட் போட்டதற்குக் காரணம், பின்பக்கத்துத் தொழிற்சாலைக்கு அனல்மின் நிலையத்திலிருந்து நேராக வரும் தடித்த மின்கம்பிதான்.

அந்த வட்டக் கல்லைக் கிராஃபைட்டில், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கரியில், கடைந்து தருவது உன் அப்பாவின் லேத்துப் பட்டறை. அங்கே கல் வாங்க வந்த இடத்தில்தான் உன்னைப் பார்த்தேன் என்பதால் கிராஃபைட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஒரு சங்கடம். உன்னைப் பெண் பார்த்த பிறகுதான் தீயை மூட்ட ஆரம்பித்தோம், அன்றிலிருந்து கல் ஒவ்வொன்றும் வெடித்துவிடுகிறது. ஒரு கல்லாவது முழு நேரமும் நின்றால்தான் எனக்குக் கல்யாண லீவு என்கிறார் எங்கள் தலைவர் டாக்டர் ஜோக்ளேகர். மார்ச் முதல் தேதி இயந்திரமும் நானும் பம்பாய்க்கு ரயிலேறுகிறோம். விபூதிப் புதனுக்கு முன்பாகக் கல்யாணம் முடியவில்லையென்றால் தவக்காலம் வந்துவிடும், அப்புறம் ஈஸ்டர் கழியும் வரை கோயிலில் கல்யாணம் இல்லை. ஆகவே பிப்ரவரி 25-ஐ நான் ஒரு கல்லின் தலையில் கட்டியிருக்கிறேன். நீ வேண்டிக்கொள்.

அன்புடன்,
வால்டர்


ராயபுரம்,
19-1-1974

அன்புள்ள வால்டர் அவர்களுக்கு,

எல்சி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்தை முதலில் நான் படித்தேன். பிறகு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு அப்பா எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னார். இப்போது காசிமேடு வரை ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தெரியும். "சூரியனுக்கு அடுப்பு கடைஞ்சிகினு கீறேன்" என்கிறார். போன வாரம் வரை விசைப்படகுக்குத் தண்டு கடைந்துகொண்டிருந்த மனிதர். நேற்று ஒருவர் புரொப்பெல்லரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அத்த அப்பால வெய்யி, கவர்மெண்டு வேலை நடக்குது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அம்மாவுக்குச் சூரியன், அணு, பெட்ரோல் எதுவும் காதில் விழவில்லை. கல் வெடிக்கிறது என்ற இடத்தில் மட்டும் வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். உங்கள் ஷெட் ஆள் வேலப்பன் கல் எடுக்க வந்தபோது அவனுக்குக் காபி கொடுத்து உட்கார வைத்து ஏதேதோ விசாரித்தாள். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் மின்வெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என் ஆபீசில் கப்பலுக்குக் காகிதம் அடிக்கிற டைப்பிஸ்ட் நான். கல்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பெண் பார்க்க வந்தபோது, "உன்னைப் பார்த்த பிறகு வேறு எதுவும் நினைவில்லை" என்று சொன்னவர், மூன்று பக்கக் கடிதத்தில் என்னைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வரி. அதிலும் பாதி கிராஃபைட்டுக்குப் போய்விட்டது.

வேண்டிக்கொள்கிறேன். கல்லுக்காக இல்லை, 25-ஆம் தேதிக்காக.

எல்சி


எர்ணாவூர்,
24-1-1974

அன்புள்ள எல்சி,

நீ சொன்னது நியாயம். உன்னைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் டாக்டர் ஜோக்ளேகர் கூப்பிட்டார், போனேன். நேற்று வந்த கல்லும் போய்விட்டது.

வெடித்தது மட்டுமில்லை. எங்கள் தீ நீலம் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டும். கல்லைத் தொட்டதும் மாட்டு வண்டி லாந்தர் மாதிரி மஞ்சளாகிவிடுகிறது. ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவியில் பார்த்தால் சோடியம், அதாவது உப்பு. சூரியத் தீயின் பானையில் வேற்றுப் பொருள் ஒரு சிட்டிகை விழுந்தாலும் தீ அணைந்துவிடும் என்பதால் டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. முதலில் என் சாப்பாட்டு டப்பாவைச் சந்தேகித்தார். அதில் கருவாடு இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தயிர் சாதம்தான். பிறகு கடல் காற்றைச் சந்தேகித்து ஜன்னல்களில் கோணி அடித்தார். உள்ளே வெந்து சாகிறோம், மஞ்சள் மட்டும் போகவில்லை.

கடைசியில், கல் எங்கே கடையப்படுகிறது என்று கேட்டார். சொன்னேன். கல்லைச் சுட்டு உலர்த்துகிற அடுப்பு பம்பாயிலிருந்து இன்னும் வந்து சேராததால், பட்டறையிலேயே சுத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். மாமாவுக்கு இன்று ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வேலைக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும், பட்டறையில் மீன் வைக்க வேண்டாம், தரையைக் கூட்டித் துப்புரவாக வைத்துக்கொள்ளவும், இவ்வளவுதான். ஒரு விஞ்ஞான விஷயமாக மரியாதையோடுதான் எழுதியிருக்கிறேன். மாமா அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

உன்,
வால்டர்


ராயபுரம்,
29-1-1974

அன்புள்ள விஞ்ஞானி அவர்களுக்கு,

மாமா எப்படி எடுத்துக்கொண்டார் என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்: "இன்னா, யேசுதாஸ் பட்டறை கலீஜா? துறைமுகத்து வெள்ளக்கார இஞ்சினீரே உள்ள வர சொல்லோ ஷூவை கயட்டிட்டு வருவான். இந்தப் பையன் எனக்குச் சோப்பு போடக் கத்துக் குடுக்கிறானா?"

மறுநாள் குடியரசு தினம் என்றும் பார்க்காமல் பட்டறையைத் திறந்தார். வேலப்பனை வரவழைத்து எதிரில் நிற்க வைத்து, கையைக் கழுவினார், லேத்தைக் கழுவினார், வேலப்பனையும் கழுவச் சொன்னார். ஒரு கல்லைக் கடைந்து சூடு ஆறாமல் அவன் கையில் திணித்து, "போ, நேரா எடுத்துகினு போ, உங்க சாரண்ட காட்டு" என்று விரட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். சாமியார் உங்கள் பெயரைச் சொன்னதும் அப்பா இருமினார். சளி இருமல் இல்லை அது. "இவர்களுக்குத் திருமணத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்" என்ற இடத்தில் அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடிக்க முடியாதபடி ஆண்கள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னார்: "மூணாவது ஓலைக்கு மின்னாடி அவன் பட்டறை சுத்தம்னு ஒரு வார்த்தை எய்தி அனுப்பணும். இல்லாங்காட்டி நானே எய்ந்து ஆட்சேபணை சொல்லிடுவேன்."

பெண்ணைப் பெற்றவரே ஆட்சேபணை சொன்ன கல்யாணம் இந்தப் பங்குக் கோயிலில் இதுவரை இல்லை என்று சிலுவையம்மாள் சித்தி சொல்கிறாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது. எனக்கு இல்லை. எனக்கு உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் வால்டர். இதை நான் எழுத வேண்டியிருப்பதற்கே உங்கள் மேல் கோபம் வருகிறது.

எல்சி


எர்ணாவூர்,
1-2-1974

அன்புள்ள எல்சிக்கு,

உன் கடைசி வரிக்கு முந்தின வரியை இதுவரை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். எனக்கும் அதேதான். அதை முதல் கடிதத்திலேயே எழுதாத மடையன் நான்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்கத் தயார். ஆனால் பட்டறை சுத்தம் என்று எழுதினால், டாக்டர் அப்படியானால் உப்பு எங்கிருந்து வருகிறது என்பார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இதில் ஒரு விநோதம். சனிக்கிழமை மாமா கோபத்தில் கடைந்து அனுப்பிய கல்லை ஏற்றினோம். மஞ்சளே இல்லை. தீ தும்பைப் பூவாக நின்றது. கல் அசையவில்லை. டாக்டர் என் தோளைத் தட்டக் கையைத் தூக்கினார், மின்சாரம் போய்விட்டது. தூக்கின கையால் தலையில் அடித்துக்கொண்டார். பாதியில் நின்றதால் அது கணக்கில் சேராது. ஏறின கல்லை மறுபடி ஏற்றவும் கூடாதாம். புதன்கிழமை வழக்கம்போல் வந்த கல்லை ஏற்றினோம். மஞ்சள், டமார்.

ஒரே பட்டறை, ஒரே லேத்து, ஒரே மாமா. சனிக்கிழமைக் கல் சுத்தம், புதன்கிழமைக் கல் உப்பு. கோபத்தில் கடைந்தால்தான் கல் நன்றாக வருமோ என்றுகூட யோசித்துவிட்டேன். வேலப்பனைக் கேட்டால், "அது இன்னாவோ சார், எனக்குத் தெரியாது" என்று ஏதோ தெரிந்தவன் மாதிரி தலையைச் சொறிகிறான். வழக்கமான கல் கடைந்த பிறகு என் கைக்கு வரும் வரை எங்கே இருக்கிறது? கொஞ்சம் பார்த்துச் சொல்.

உன்,
வால்டர்


ராயபுரம்,
5-2-1974, செவ்வாய்

வால்டர்,

கண்டுபிடித்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அப்பா திங்கட்கிழமைகளில் கடைந்து, கல்லைத் தினத்தந்தியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைப்பார். புதன்கிழமை காலையில் வேலப்பன் வந்து எடுத்துப் போவான். நடுவில் செவ்வாய். செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் அம்மா அடைக்கலமேரி எங்கே இருப்பாள் என்று ராயபுரத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தோனியார் கோயிலில்.

இன்று ஆபீசுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனேன். கூடையில் மெழுகுவர்த்தி, பூமாலை, அவற்றுக்கு அடியில் உங்கள் கல். சொரூபத்தின் காலடியில் வைத்து எடுத்தாள். வீட்டுக்கு வந்து மண்சட்டி நிறையத் தீர்த்தத்தை ஊற்றினாள். மந்திரித்த உப்பு ஒரு கைப்பிடி போட்டாள். போதாது என்று இன்னும் கொஞ்சம் போட்டாள். கல்லை அதில் இறக்கி, மேலே தட்டுப் போட்டு மூடினாள். விடிய விடிய ஊறுமாம். காலையில் முந்தானையால் துடைத்துப் பழையபடி தினத்தந்தியில் சுற்றி வைத்துவிடுவாளாம். நீங்கள் பெண் பார்த்த பிறகு, உங்களுக்குத் தீயோடு வேலை என்று வேலப்பன் சொன்னதிலிருந்து எல்லாக் கல்லுக்கும் இதே மரியாதை.

நான் போய் நின்றதும் சட்டியின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இதனாலதாம்மா வெடிக்குது" என்றேன். "தீர்த்தத்தால எதனா வெடிக்குமாடி? எந்த ஊருல?" என்றாள். நீங்கள் எழுதியதைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள். "உங்க நைனாவுக்கு மட்டும் தெரிய வாணாம். அவரு வேலைய நானே கெடுத்தேன்னு தெரிஞ்சா, சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

ரெண்டாவது ஓலையும் முடிந்தது. என்ன செய்வது, சொல்லுங்கள்.

எல்சி


எர்ணாவூர்,
7-2-1974

அன்புள்ள எல்சி,

உன் கடிதம் வருவதற்குள் புதன்கிழமைக் கல் வந்துவிட்டது. கடிதத்தைப் படித்ததும் கல்லை எடுத்து நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. இத்தனை படிப்புப் படித்துவிட்டு இதை முதல் நாளே செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் டாக்டர் ஜோக்ளேகர். தயிர் சாதத்தினால் ஆளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று முடிவு செய்திருப்பார். நாளையிலிருந்து மீன் சாப்பிடலாம் என்று அவராகவே சொல்லிவிட்டார்.

கரி என்பது பார்க்கத்தான் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்திருக்கிறது. தீ பட்டதும் ஆவி கிளம்பிக் கல்லைப் பிளக்கிறது, உப்பு மஞ்சளாக எரிகிறது. விஞ்ஞானத்துக்குத் தெளிவாகிவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் தெளிவாகவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வேலையை வேறு பட்டறைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். உண்மையைச் சொன்னால் மாமாவின் பெயர் பிழைக்கும், என் லீவும் பிழைக்கும், ஆனால் அத்தை மாட்டிக்கொள்வார்கள். உன்னை நம்பிச் சொன்னதை நானே அம்பலப்படுத்துவதா? முடியாது. கல்லைச் சரியாகத் துடைக்காமல் ஏற்றியது என் தவறு என்று டாக்டரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். தவறு செய்தவனுக்கு லீவு கிடைக்காது. மாமாவிடம் பட்டறை சுத்தம் என்று தாராளமாகச் சொல்லலாம். இன்றே அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அன்று அவர் சட்டையை யாராவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். என் பங்குக் கோயிலிலும் அதே நேரத்தில் ஓலை வாசிக்கிறார்கள், நான் இங்கே இருந்தாக வேண்டும்.

25-ஐப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

உன்,
வால்டர்


ராயபுரம்,
10-2-1974, ஞாயிறு

என் அன்புள்ள வால்டர்,

உங்கள் கடிதம் அப்பாவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. அம்மாவுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். பழியை நீங்களே ஏற்றுக்கொள்ளப் போவதைக் கேட்டுவிட்டு மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இரண்டு மீனைக் குழம்பே வைக்க முடியாதபடி கழுவிவிட்டாள்.

இன்று பூசையில் சாமியார் மூன்றாம் ஓலையை எடுத்தார். தடை ஏதேனும் இருந்தால் என்று தொடங்கினார், அப்பா எழுந்துவிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன்.

"என்ன யேசுதாஸ்?" என்றார் சாமியார்.

அப்பா பெண்கள் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார் போலிருக்கிறது. "ஆட்சேபணைன்னு இல்ல சாமி. பட்டறை சுத்தமா கீதுன்னு ஜனங்களுக்குத் தெரியணும். அவ்ளோதான்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவர் மறுபடி வாயைத் திறக்கிறார், என்ன சொல்வாரோ என்று நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து நின்றாள். வீட்டில் அப்பா எதிரில் உரக்கக்கூடப் பேசாதவள்.

"பட்டறை சுத்தம்தான் சாமி. நான்தான் கல்லைத் தீர்த்தத்துல ஊறப் போட்டேன். உப்பும் நான்தான் போட்டேன்" என்றாள்.

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "கல் உடையாமல் இருக்கவா அம்மா?" என்று கேட்டார்.

"கல்லு உடைஞ்சா இன்னொண்ணு கடைஞ்சிக்கலாம் சாமி. அந்தத் தீக்குப் பக்கத்துல மாப்ள நிக்கிறாரு. போன மாசம் சட்டைக் கை பத்திகிச்சாம், வேலப்பன் சொன்னான். அங்க போயி எட்ட நில்லுப்பான்னு சொல்ல எனக்கு யாரு வயி வுடுவாங்க? கல்லுதான் உள்ள போவுது. அதான் கல்லண்ட சொல்லி அனுப்பினேன்."

பிறகு யாரும் சிரிக்கவில்லை. சாமியார் ஓலையை மடித்து வைத்துவிட்டு, "தடை எதுவும் இல்லை" என்று அவரே சொல்லி முடித்தார்.

அப்பா எல்லோருக்கும் முன்னால் வீட்டுக்கு நடந்தார். வந்ததும் சட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "எனக்கு இத்தினி வருசமா லேத்துல கை போவுது, ஒரு நாளாவது எதனா ஊறப் போட்டியா மே?" என்று கேட்டார். உங்கள் மேல் கோபம் போய்விட்டது, பொறாமை வந்திருக்கிறது. நாளைக்குக் கல்லைத் தானே கடைந்து தானே எடுத்து வருகிறாராம். நீங்கள் அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சட்டைக் கை பற்றியதை எனக்கு ஏன் எழுதவில்லை?

எல்சி


எர்ணாவூர்,
13-2-1974

என் எல்சிக்கு,

மாமா நேற்று பஸ்ஸில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பக்கத்தில் ஒருவரையும் உட்கார விடவில்லையாம். வேலை கைமாறும் முன் இந்த ஒரு கல்லை மட்டும் ஏற்றிப் பார்க்க டாக்டர் சம்மதித்ததும், அவர் முன்னிலையில் மாமா கையைக் கழுவிக் காட்டினார். டாக்டரும் மரியாதைக்குத் தன் கையைக் கழுவினார். கறுப்புக் கண்ணாடி வழியாக மாமாவையும் பார்க்க வைத்தோம். தீ வெள்ளையாகவே நின்றது. முழு நேரமும் நின்றது. மின்சாரமும் புண்ணியத்துக்குப் போகாமல் இருந்தது. கல் வெளியே வந்தபோது மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு நூல்கூட தேயலியே மாப்ள" என்றார். நான் எழுதிய சோப்புக் கடிதத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

அந்தப் பொய்யை நான் இன்னும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை, முந்தின கற்கள் ஏன் வெடித்தன என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமாவே பெருமையாகச் சொல்லிவிட்டார். நான் இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். டாக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பிறகு, அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கேட்டார். "அத்தையின் ஒரு கைப்பிடி, போதாமல் இன்னும் கொஞ்சம்" என்றேன். எழுதிக்கொண்டார். இயந்திரத்துக்குள் காற்றை உறிஞ்சும் எங்கள் வெற்றிடப் பம்பு எப்போதும் ஒழுகுகிறது, அதற்கு ஏதாவது வழி உண்டா என்று உன் அம்மாவைக் கேட்கச் சொன்னார். வேடிக்கைக்குத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியவில்லை. லீவு கொடுத்துவிட்டார். 25-க்கு அவரும் வருகிறார்.

சட்டைக் கை பற்றியதை ஏன் எழுதவில்லை என்றால், எனக்கே அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை எல்சி. அன்று கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, கல் என்ன ஆயிற்று என்றுதான் ஓடிப் போய்ப் பார்த்தேன். டாக்டரும் கல்லைத்தான் கேட்டார். பம்பாயிலிருந்து வந்த தந்தியும் கல்லைத்தான் கேட்டது. பக்கத்தில் நிற்கிறவனைக் கேட்டது அத்தை ஒருவர்தான். அவர்களைப் பற்றி உன் கடிதத்தில் படித்துவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அதை வேலப்பன் பார்த்துவிட்டான். வந்து சொன்னாலும் சொல்வான், நம்பு.

ஓலை மூன்றும் முடிந்துவிட்டது, இனி நான் உங்கள் வாசலை மிதிக்கலாம். வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருகிறேன். அத்தையைத் தீர்த்தத்தை எடுத்து வைக்கச் சொல். இனிமேல் கல்லை நனைக்க வேண்டாம், அவர்கள் எதிரில் நானே வந்து தலையைக் குனிந்து நிற்கிறேன்.

உன்,
வால்டர்